கத்தரிக்காய் கற்பிக்கும் பாடம்



கத்தரிக்காயை அரியும்போது உள்ளே புழு நெளிவதைச் சில வேளைகளில் கண்டிருப்பீர்கள். தண்டையும் காயையும் துளைத்து வாழும் அப்புழுவே கத்தரிப் பயிரின் பெரும்பகை. காயினுள் மறைந்திருப்பதால் பூச்சிமருந்து அதனை எளிதில் எட்டுவதில்லை. ஆகவே உழவர் மீண்டும் மீண்டும் மருந்து தெளிக்கின்றனர்.

இதற்கு மாற்றாக அறிவியலாளர், பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாவின் மரபணு ஒன்றைக் கத்தரிச் செடியில் சேர்த்தனர். அதனால் செடியே புழுவைக் கொல்லும் புரதத்தை உண்டாக்குகிறது. இதுவே பி.டி. கத்தரி. இம்முயற்சியில் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கேற்றது.

2009 அக்டோபரில் இந்திய அரசின் மரபணுப் பொறியியல் குழு இதற்கு இசைவளித்தது. எதிர்ப்பு எழுந்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டபின், 2010 பிப்ரவரி 9ஆம் நாள் அதனை நிறுத்திவைத்தார். அறிவியலாளரிடையே ஒருமித்த கருத்தில்லை, மேலும் ஆய்வுகள் வேண்டும் என்பன அவர் கூறிய காரணங்களுட் சில.

அண்டை நாடான வங்காளதேசமோ 2013 அக்டோபரில் நான்கு பி.டி. கத்தரி வகைகளுக்கு அனுமதி வழங்கியது. 2014 சனவரியில் 20 உழவர்கள் நாற்றுப் பெற்றனர். பூச்சிமருந்துச் செலவு குறைந்ததைப் பின்னர் நடந்த கள ஆய்வுகள் காட்டின.

இவ்விரு முடிவுகளுள் எது சரி? விரைந்து விடையிறுத்தல் ஆகாது. வயலில் பரவிய மரபணுவைத் திரும்பப் பெறுதல் அரிது. புழுவும் நாளடைவில் அப்புரதத்தைத் தாங்கும் வலிமை பெறலாம். அதனாலேயே வயலோரத்தில் சாதாரணக் கத்தரியையும் நடுமாறு வங்காளதேச உழவர்க்கு அறிவுறுத்தப்பட்டது. எனவே முன்னெச்சரிக்கை இன்றியமையாதது.

ஆயினும், நிறுத்திவைப்பதற்கும் ஒரு விலை உண்டு. மருந்து தெளிக்கும் உழவர் அதனை நாள்தோறும் தம் உடலால் செலுத்துகின்றார். அவ்விலை செய்தித்தாளில் வருவதில்லை. ஆதலால் நாம் அதனைக் கணக்கில் சேர்ப்பதுமில்லை. 'அனுமதித்தால் என்ன தீங்கு?' என்று கேட்பவர், 'மறுத்தால் யாருக்குத் தீங்கு?' என்றும் கேட்டல் வேண்டும். எத்தகைய சான்று கிடைத்தால் முடிவை மாற்றுவோம் என்பதை முன்னரே கூறுதலும் வேண்டும். அங்ஙனம் கூறாத தடையும் அனுமதியும் ஒருபோதும் திருத்தப்படா.

பெற்றோருடன் கலந்துரையாடுக:

1. நீங்கள் அமைச்சராயின் யார் யாருடைய கருத்தைக் கேட்பீர்கள்?
2. உங்கள் முடிவை மாற்றக்கூடிய சான்று எது?