அணிகளை இணைக்கும் முறை

புள்ளியியல் கணக்கிற்கு வேண்டிய விவரங்கள் யாவும் ஒரே தாளில் வந்து சேர்வதில்லை. அகமதிப்பீட்டு மதிப்பெண் ஒரு பட்டியலிலும், செய்முறைத் தேர்வு மதிப்பெண் வேறொரு பட்டியலிலும் இருக்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் தோற்றுவித்த ‘ஆர்’ மொழியில் இவற்றை ஒன்றாக்க இரு கட்டளைகள் உள்ளன. நிரல்களாக இணைப்பது ‘சிபைண்ட்’. நிரைகளாக இணைப்பது ‘ஆர்பைண்ட்’. அவற்றை நான் அறிந்த அளவில் இங்கு விளக்க முற்படுகிறேன்.

(1, 2, 3), (4, 5, 6) என்னும் இரு வெக்டர்களை எடுத்துக்கொள்வோம். சிபைண்ட் இவற்றை நெடுக்காக நிறுத்தும். விடை 3 நிரை, 2 நிரல் கொண்ட அணி. ஆர்பைண்ட் படுக்கையாக அடுக்கும். விடை 2 நிரை, 3 நிரல். ஒன்று மற்றதன் நிரை நிரல் மாற்று அணியாகும். இரண்டு அணிகளை இணைக்கும்போது, சிபைண்டுக்கு நிரைகளும் ஆர்பைண்டுக்கு நிரல்களும் எண்ணிக்கையில் சமமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் கணிப்பொறி பிழை எனக் கூறி நின்றுவிடும்.

வெக்டர்களின் நீளம் சமமில்லாதபோது அது நிற்பதில்லை. குறுகியதைத் திரும்பத் திரும்ப எடுத்து இடத்தை நிரப்பிவிடுகிறது. இதனால் பயனும் உண்டு. தொடர்புப் போக்குக் கணக்கில் முதல் நிரல் முழுவதும் 1 ஆக இருக்க வேண்டுமெனில், 1 என்று ஒருமுறை கொடுத்தாலே போதும்.

ஆபத்தும் அங்கேதான். 6 மாணவரின் பதிவெண்கள் ஒரு வெக்டர். செய்முறைத் தேர்வுக்கு வந்த முதல் மூவரின் மதிப்பெண்கள் 18, 15, 20 மற்றொன்று என்க. இணைத்தால், தேர்வுக்கே வராத நான்காமவருக்கு 18, ஐந்தாமவருக்கு 15, ஆறாமவருக்கு 20 கிடைத்துவிடும்! 6 என்பது 3-இன் மடங்காதலால் எச்சரிக்கைகூட வராது. நால்வர் மதிப்பெண்ணைக் கொடுத்தால் எச்சரிக்கை வரும். அப்போதும் விடை வராமல் போகாது.

மேலும், சிபைண்ட் இடத்தைப் பார்த்து இணைக்கிறதே தவிர ஆளைப் பார்த்து இணைப்பதில்லை. ஒரு பட்டியல் பதிவெண் வரிசையிலும் மற்றது பெயரின் அகர வரிசையிலும் இருந்தால், ஒருவர் மதிப்பெண் மற்றவருக்கு நேரே நிற்கும். நிரலின் சராசரியும் திட்ட விலக்கமும் மாறா. ஆகவே ஐயம் எழாது. உடன்தொடர்புக் கெழு மட்டும் தவறாகிவிடும். தேர்ச்சிப் பட்டியலாயின் மாறுவது ஒரு மாணவரின் தேர்ச்சி.

எனவே நான் கைக்கொள்ளும் விதிகள் மூன்று. இணைக்குமுன் நீளங்களை ஒப்பிட வேண்டும். வராதவர் இடத்தில் விடுபட்டதைக் குறிக்கும் ‘என்ஏ’ இட வேண்டும். வரிசை வேறுபடும் பட்டியல்களைப் பதிவெண் கொண்டு இணைக்கும் ‘மெர்ஜ்’ கட்டளைக்கே விட வேண்டும்.