பண்ணை வேலைக்குப் போகிறீர்களா? பன்னட் கட்டம் போட்டுக் காட்டுங்கள்

யோங் பெங், குளுவாங், கூலாய் பக்கம் கோழிப் பண்ணையிலோ ஆட்டுப் பண்ணையிலோ சூப்பர்வைசர் வேலைக்கு மனு போடுகிறீர்களா? ரெஸ்யூமேயில் 'கடின உழைப்பாளி' என்று எழுதினால் போதாது. உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரும் அதையேதான் எழுதியிருப்பார். எந்தச் சேவலை எந்தப் பெட்டையோடு சேர்த்தால் என்ன குஞ்சு வரும், அதில் எது விலை போகும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்த ஆள்தான் முதலாளிக்கு வேண்டும். அதற்கான கருவியை ஐந்தாம் படிவ உயிரியல் பாடத்திலேயே படித்தோம், எஸ்.பி.எம். முடிந்ததும் மறந்தோம். பன்னட் கட்டத்தை மறுபடி கையில் எடுங்கள்.

1. இது பரீட்சைக்கு மட்டுமான விஷயம் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். கட்டத்தை உருவாக்கிய ரெஜினால்ட் பன்னட், கேம்பிரிட்ஜ் பேராசிரியர். இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் ஆராய்ந்தவர். முதல் உலகப் போரில் பிரிட்டனில் தீவனத் தட்டுப்பாடு வந்தபோது, முட்டையிடாத சேவல் குஞ்சுகளைப் பொரித்த உடனே நிறத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று வழி சொன்னார். மரபியல் அன்றே பண்ணையின் கணக்குப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது.

2. முட்டைக் கோழிக் கட்டத்தை மனப்பாடமாக வரையுங்கள். ஜோகூரில் முட்டை பெரிய தொழில். சிங்கப்பூருக்கும் இங்கிருந்து போகிறது. பழுப்பு முட்டையிடும் கலப்பினங்களில் பொரித்த அன்றே ஆண், பெண் தெரிவது எப்படி? சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. நிறத்துக்கான ஜீன் இசட்டில் இருக்கிறது. வெள்ளி நிறம் ஓங்கு, பொன்னிறம் ஒடுங்கு. பொன்னிறச் சேவலையும் வெள்ளிப் பெட்டையையும் சேருங்கள். மகனுக்கு அம்மாவின் வெள்ளி வந்தே தீரும். குஞ்சு வெளிர் மஞ்சளாகப் பொரியும். மகளுக்குக் கிடைக்கும் ஒரே இசட் அப்பாவுடையது, அவள் செம்பழுப்பு. வேலையாள் தட்டைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவார்.

இனி ஜோடியைத் திருப்பிப் போடுங்கள். கலப்பில்லாத வெள்ளிச் சேவல், பொன்னிறப் பெட்டை. எல்லாக் குஞ்சும் வெள்ளி. நிறத்தால் ஒரு பயனும் இல்லை. அடுத்து, முதல் ஜோடியின் பிள்ளைகளையே ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டம் போடுங்கள். ஆணிலும் பாதி வெள்ளி, பெண்ணிலும் பாதி வெள்ளி. நிறம் இனி பாலைக் காட்டாது. பண்ணைகள் தாய்க்கோழிகளைத் திரும்பத் திரும்ப வெளியே வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். 'நம்ம கோழியிலேயே குஞ்சு எடுத்தா செலவு மிச்சம்தானே?' என்று இன்டர்வியூவில் கேட்டால், பேனாவை எடுத்து இந்த மூன்றாவது கட்டத்தை வரையுங்கள். பத்து நிமிடம் பேசுவதைவிட அது வலுவான பதில்.

3. ஆட்டுப் பண்ணை என்றால் மோழை ஆட்டுக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். சானன் போன்ற பால் ஆடுகளில் கொம்பில்லாதவை பல உண்டு. முட்டாது, வேலியில் சிக்காது என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். மோழைத் தன்மை ஓங்கு ஜீன். ஆனால் மோழைக் கிடாவையும் மோழைப் பெட்டையையும் சேர்த்தால் ஆபத்து. இரண்டும் கலப்பு ஜீன் உள்ளவை என்று வைத்துக் கட்டம் போட்டால், நான்கில் ஒரு குட்டிக்கு அந்த ஜீன் இரட்டையாக வரும். அப்படி இரட்டையாக வாங்கிய பெட்டைக்குட்டிகள் ஆணும் பெண்ணும் கலந்த உடலோடு, சினைபிடிக்காமல் நின்றுவிடும். மொத்தக் குட்டிகளில் எட்டில் ஒன்று இப்படி நஷ்டம். பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2001-ல் இதற்கான டி.என்.ஏ. குறையையே கண்டுபிடித்துவிட்டார்கள். தீர்வு எளிது: ஜோடியில் ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும். அப்போதும் குட்டிகளில் சராசரியாகப் பாதி மோழையாகவே பிறக்கும். பால் பண்ணைக்காரரிடம் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் தன் கிடாவின் தலையைப் போய்ப் பார்ப்பார்.

4. சத்தியம் செய்யாதீர்கள். கட்டம் காட்டுவது வாய்ப்பு மட்டுமே. அல்பினோ ஜீனை மறைத்து வைத்திருக்கும் இரண்டு கப்பி மீன்களைச் சேர்த்தால் நான்கில் ஒன்று அல்பினோ என்று கட்டம் சொல்லும். நான்கே குஞ்சுகளைப் பார்த்தால், ஒன்றுகூட அல்பினோ இல்லாமல் போக 100-க்கு சுமார் 32 வாய்ப்பு உண்டு. நூற்றுக்கணக்கில் எண்ணும்போதுதான் விகிதம் நெருங்கி வரும். முதலாளியிடம் 'சுமாராக இத்தனை' என்றே சொல்லுங்கள். சொன்ன எண் பிசகினால் உங்கள் பெயர்தான் கெடும்.

5. எங்கே கட்டம் உதவாது என்பதும் தெரிந்திருக்கட்டும். உடல் எடை, பால் அளவு, முட்டை எண்ணிக்கை எல்லாம் பல ஜீன்களும் தீவனமும் வெப்பமும் சேர்ந்து முடிவு செய்பவை. அவற்றுக்குப் பதிவேடு வேண்டும்: தாய் யார், தந்தை யார், எந்தத் தேதியில் எத்தனை கிலோ. முதல் நாளிலிருந்தே நோட்டுப் போடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சம்பள உயர்வு கேட்கும்போது அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும்.

முறையாகப் படிக்க விரும்புகிறவர்கள் தூரம் போக வேண்டாம். இன்ஸ்டிடியூட் வெட்டரினார் மலேசியா குளுவாங்கிலேயே இருக்கிறது. விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்று இந்த வாரமே விசாரியுங்கள். அதுவரை மேலே சொன்ன கோழிக் கட்டங்கள் மூன்றையும் ஆட்டுக் கட்டத்தையும் புத்தகம் பார்க்காமல் வரைந்து பழகுங்கள்.