பயிற்சியாளர் ஏன் பதில் போடவில்லை?

கேள்வி: நியூஜெர்சியில் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் நன்றாக நீந்துவாள். கல்லூரிப் பயிற்சியாளர்கள் பலருக்கு மின்னஞ்சல் அனுப்பியும் ஒருவரும் பதில் போடவில்லையே?

பதில்: மனம் தளராதீர்கள். பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-க்கு முன், முதல் டிவிஷன் கல்லூரிகளின் நீச்சல் பயிற்சியாளர்கள் தனிப்பட்ட பதில் எழுத, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி இடம் தருவதில்லை. அவள் எழுதத் தடையில்லை. எழுதட்டும், அவளுக்காக நீங்கள் எழுதாதீர்கள். உதாரணமாக, 100 கஜம் பட்டர்ஃப்ளை இப்போது எத்தனை நொடி, போன வருடம் எத்தனை என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும். கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் 25 கஜக் குளத்தில்தான். மீட்டர் கணக்கு மட்டும் போதாது. அவளுடைய நேரங்களை அந்தந்தக் கல்லூரி அணியின் நேரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கல்லூரிகளைத் தேர்ந்தெடுங்கள். ஐவி லீக் பல்கலைக்கழகங்களிலும் மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளிலும் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. எங்கே சேர்வதானாலும் மதிப்பெண் முக்கியம். படிப்பை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.