தூதுவர் நகை

தூதுவன் கேட்பவன் முகம் மலரும்படி பேசவேண்டும் என்று தூது அதிகாரத்தில் வள்ளுவர் விதிக்கிறார். போரா, அமைதியா என்று முடிவாகும் இடத்தில் சிரிப்புக்கு என்ன வேலை? இந்த ஐயத்தோடுதான் லாரன்ஸ் டரல் எழுதிய தூதரகக் கதைகளைப் படித்தேன்.

1912இல் ஜலந்தரில் பிறந்த ஆங்கிலேயர் டரல். 1949இல் பெல்கிரேடு சென்று, பிரிட்டிஷ் தூதரகத்தில் பத்திரிகைத் தொடர்பு அலுவலராக இருந்தார். அந்த அனுபவத்தைக் கற்பனையால் பெருக்கி, 1957இல் 'எஸ்பிரி த கோர்' என்னும் தொகுதியாக்கினார். கதைகளைச் சொல்பவர் ஆன்ட்ரோபஸ் என்னும் தூதரக அதிகாரி. ஒரு கதையில் இரு சகோதரிமார் ஆங்கில நாளிதழ் நடத்துகிறார்கள். அச்சுக் கோப்பவர்களுக்கோ ஆங்கிலமே தெரியாது! ஓர் எழுத்து விழுந்தாலும் மாறினாலும் தூதரகத்தின் மானம் கப்பலேறுகிறது. (ஆண்டு மலருக்கு மெய்ப்புத் திருத்தும் நண்பர்கள் அவசியம் படிக்கவேண்டிய கதை.) இன்னொன்றில், தூதுவர்கள் யாவரும் விழாவுக்கென அலங்கரித்த ரயிலில் ஏறி அல்லற்படுகிறார்கள். வண்டியே ஆட்டங்கண்டாலும் வரிசையும் மரியாதையும் குலையக்கூடாது என்ற கவலை அவர்களுக்கு. நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்பார் தொல்காப்பியர். டரலின் நகை அவற்றுள் பேதைமையில் பிறப்பது.

ஒளவையாரின் நகை வேறு. அதியமானுக்காக அவர் தொண்டைமானிடம் தூது சென்றார். கறம்பக்குடிப் பக்கத்தில் தொண்டைமான் என்றால் புதுக்கோட்டை மன்னரே நினைவுக்கு வருவார், இவன் சங்ககாலத்தவன். தன் வலிமை தெரியட்டும் என்று படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். ஒளவையார் பாராட்டினார்: உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலுள்ள மனையில் அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. மேலுக்கு அவனைப் புகழ்ச்சி, தம் தலைவனுக்கு இகழ்ச்சி. சினம் கொள்ள ஒரு சொல்லும் அவனுக்கு அகப்படாது. போர் கண்ட படை எது, காணாத படை எது என்பது மட்டும் விளங்கிவிடும். இது எள்ளல்.

காரியம் கெட்டபின் மன்றத்தில் அமர்ந்து சொல்லிச் சிரிப்பது டரலின் வழி. அதுவும் இன்பமே, நானும் வாய்விட்டுச் சிரித்தேன். ஆயினும் வள்ளுவர் வேண்டிய நகை, பகைவன் வீட்டில் தனியாக நின்றுகொண்டு, ஒரு சொல் மிகுந்தால் போர் மூளும் என்ற நிலையில் ஒளவையார் கையாண்டதே என்பது என் கருத்து. ஆன்ட்ரோபஸ் அந்தக் கொட்டிலில் நின்றிருந்தால், முதலில் தம் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருப்பார்.