அஞ்சாம் நம்பர் ஸ்லாட்

சென்னை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனைப் பார்த்தேன். புது பி850 போர்டு, அதற்கேற்ற ப்ராசஸர், டிடிஆர்5 ராம், கடைசி வரியில் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 8 ஜிபி. காரணம் என்று நீ எழுதியிருப்பது ஒரே வரி: “கார்டு ஜென் 5, என் போர்டு ஜென் 3, பாதி ஸ்பீடுகூட வராதுன்னு கடைக்காரர் சொல்றார் மாமா.” போனில் பேசினால் ‘சரி மாமா’ என்று சொல்லிவிட்டு நாளைக்கே பணத்தைக் கட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கடைக்காரர் சொன்ன கணக்கு பொய்யில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் தலைமுறைக்குத் தலைமுறை இரட்டிக்கிறது. 2010இல் வந்த மூன்றாவதில் ஒரு லேனுக்கு நொடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி, 2017இல் வந்த நான்காவதில் 2, 2019இல் வந்த ஐந்தாவதில் 4. பதினாறு லேன் சேர்ந்தால் 16, 32, 64. ஆனால் இந்த வேகம் விளையாட்டுக்கு எப்போது தேவைப்படுகிறது என்பதை அவர் சொல்லவில்லை. சொன்னால் போர்டு விற்காது.

அம்மா தாளிப்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? கடுகும் சீரகமும் கைக்கெட்டும் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும். கிராபிக்ஸ் கார்டின் மெமரி அந்தப் பெட்டி மாதிரி. சுவர், மரம், முகம் என்று விளையாட்டுக்கு வேண்டிய டெக்ஸ்சர் எல்லாம் முதலிலேயே அதில் வந்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு ஸ்லாட் வழியாகப் போய் வருவது கொஞ்சம்தான். பெட்டி போதாமல் போய், மிச்சத்தைப் பரணில், அதாவது கம்ப்யூட்டரின் ராமில், வைக்க நேரும்போதுதான் ஸ்லாட்டின் வேகம் பேச்சுக்கு வருகிறது. எவ்வளவு நல்ல ஏணி போட்டாலும், எண்ணெய் காய்ந்த நேரத்தில் பரண் ஏறினால் கடுகு கருகத்தான் செய்யும். 5060 டிஐ தன் சொந்த மெமரியிலிருந்து நொடிக்கு 448 ஜிபி எடுக்கும். ஜென் 5 ஸ்லாட் வழியாக அந்தக் கார்டுக்கு வருவது 32. உன் ஜென் 3 போர்டில் 8. இரண்டுமே 448க்கு முன்னால் எந்த மூலைக்கு?

பதினாறு லேன் என்றால் 64 வர வேண்டுமே என்று கேட்பாய். அந்தக் கார்டில் இருப்பது எட்டு லேன்தான். இதைக் கொட்டேஷனில் யாரும் எழுத மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 மாதிரி ராஜா கார்டுக்கு இந்த அஞ்சாம் நம்பர் பெரிதாக உதவவில்லை. அதில் 32 ஜிபி மெமரி, பதினாறு லேன். ஜென் 4இல் போட்டாலும் ஜென் 5இல் போட்டாலும் வித்தியாசம் ஓரிரு சதவீதத்துக்குள்தான். அடி வாங்குவது சின்னக் கார்டு. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை எடுத்துக்கொள்: 4 ஜிபி மெமரி, நாலே லேன், ஜென் 4. பழைய ஜென் 3 போர்டில் செருகினால் நொடிக்கு 4 ஜிபிதான். பல விளையாட்டுகளில் அது பளிச்சென்று சரிந்தது. அந்த விலைக் கார்டை வாங்குகிறவன் வீட்டில் பழைய போர்டுதானே இருக்கும்!

ஆகவே உன் கொட்டேஷனில் எனக்கு உறுத்துவது போர்டு அல்ல, அந்த 8 ஜிபிதான். அதே 5060 டிஐ 16 ஜிபியிலும் வருகிறது. அதை வாங்கி இப்போதிருக்கும் பி450 போர்டிலேயே செருகு. ஜென் 3 என்பதால் கொஞ்சம் இழப்பாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டி நிரம்பாத வரைக்கும் அது விளையாடும்போது கண்ணில் படாது. அதில் இருக்கும் உன் 3600 ப்ராசஸர் மூச்சு வாங்கினால், பயாஸ் அப்டேட் செய்துவிட்டு அதே சாக்கெட்டில் 5700எக்ஸ் போடலாம். ராமை மாற்ற வேண்டியதில்லை. போர்டை மாற்றினால் ப்ராசஸர், ராம் எல்லாம் சேர்ந்து மாறும். இப்போது டிடிஆர்5 விற்கிற விலை உனக்கே தெரியும். இன்னொன்று, பி850 என்று பெட்டியில் போட்டிருந்தாலே கிராபிக்ஸ் ஸ்லாட் ஜென் 5 என்று ஆகிவிடாது. சில போர்டுகளில் எஸ்எஸ்டி ஸ்லாட் மட்டும் ஜென் 5, கார்டுக்கு ஜென் 4தான்.

எஸ்எஸ்டியைப் பற்றியும் கேட்டிருந்தாய். விளையாட்டுக்கு ஜென் 3 என்விஎம்இ போதும். அவ்வளவுதான்.

எனக்கும் இந்தப் பித்து பிடித்ததுண்டு. 2003இல் ஏஜிபி ஸ்லாட் காலம். 4எக்ஸ் போர்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 8எக்ஸ் வந்துவிட்டது என்று ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டி மாற்றினேன். அதே கார்டு, அதே விளையாட்டு, ஒரு பிரேம்கூட ஏறியதாகத் தெரியவில்லை. மறு வருஷமே பிசிஐ எக்ஸ்பிரஸ் போர்டுகள் வந்து ஏஜிபிக்கே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். உன் அத்தை இன்றைக்கும் புது டப்பா எதையாவது வீட்டுக்குள் கொண்டுவந்தால், “இதுவும் எட்டெக்ஸா?” என்கிறாள்.

கார்டு வந்ததும் மேல் ஸ்லாட்டில்தான் செருக வேண்டும். கீழே இருப்பதும் அதே நீளம் என்று நம்பிவிடாதே. போன வருஷம் தூசி தட்டிவிட்டு நானே மாற்றிச் செருகி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் தெரியும்: மேலே இருப்பதில் பொன்னிறப் பல் கடைசிவரை ஓடும், கீழே பாதிகூட வராது. பி450இல் கீழ் ஸ்லாட் பெரும்பாலும் ஜென் 2, நாலு லேன்.

பிறகு ஜிபியு-இசட் திறந்து பார்த்து, 1.1 என்று காட்டுகிறதே என்று ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் போடாதே. சும்மா இருக்கும்போது கரண்ட் மிச்சம் பிடிக்க அது இறங்கித்தான் நிற்கும். பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி, டெஸ்டை ஓடவிட்டுப் பார். எட்டு லேன், 3.0 என்று வந்தால் சரி.

கார்டு 180 வாட் குடிக்கும். உன் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், எந்த வருஷத்தது என்று நீ எழுதவே இல்லை. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பார்த்து நான் சொல்கிறவரை கடைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா