நீலக் குழந்தைகள்

குழந்தையின் இதழ் சிவந்திருப்பதே அழகு. ஆனால் சில குழந்தைகளின் உதடும் நகமும் பிறவியிலேயே நீலம் பாய்ந்திருக்கும். சற்று ஓடினாலும் மூச்சு வாங்கிக் குந்திவிடுவார்கள். இவர்களையே 'நீலக் குழந்தைகள்' என்பர்.

இதற்கு முக்கியமான ஒரு காரணத்தை 1888-ல் பிரெஞ்சு மருத்துவர் ஃபல்லோ விளக்கினார். அதில் நான்கு குறைகள் உண்டு: இருதயத்தின் கீழறைகளைப் பிரிக்கும் சுவரில் துவாரம், நுரையீரலுக்குச் செல்லும் வழியில் குறுக்கம், மகாதமனி அத்துவாரத்தின் மேல் அமைந்திருத்தல், வலது கீழறைத் தசை தடித்தல். இதனால் அசுத்த இரத்தம் உடலெங்கும் கலந்து ஓடுகிறது.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இக்குழந்தைகளைக் கவனித்தவர் டாக்டர் ஹெலன் டாசிக். காது சரியாகக் கேளாத அவர், மார்பில் விரல் வைத்தே இருதயத்தின் நிலையை அறிந்தார். நுரையீரலுக்கு வேறு வழியில் இரத்தம் அனுப்ப இயலுமா என்று அறுவை நிபுணர் பிளாலக்கிடம் கேட்டார்.

பிளாலக்கின் ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், தச்சு வேலை அறிந்தவர். படிப்புக்காகச் சேர்த்த பணம் வங்கி முறிந்ததால் போயிற்று. கல்லூரிப் பட்டமில்லாத அவரே நாய்களுக்குப் பலமுறை அறுவை செய்து வழி கண்டார்.

1944 நவம்பர் 29 அன்று, 15 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு, கைக்குச் செல்லும் இரத்தக் குழாயை நுரையீரல் குழாயுடன் பிளாலக் இணைத்தார். தாமஸ் பின்னால் ஒரு முக்காலியில் நின்று வழி சொன்னார். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. ஆயினும் 1945-ல் மூன்றாவதாகச் சிகிச்சை பெற்ற 6 வயதுச் சிறுவனின் உதடுகள் அறுவை மேசையிலேயே சிவந்தன!

இது குறையை முற்றிலும் நீக்கவில்லை. துவாரத்தை மூடி, குறுகிய வழியை விரிக்கும் முழுச் சிகிச்சையை 1954-ல் மின்னசோட்டாவில் டாக்டர் லில்லிஹை செய்து காட்டினார். இன்று இருதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையால் அது நடைபெறுகிறது. ஆகவே பெற்றோர்களே, குழந்தையின் உதட்டில் நீலம் கண்டால் தாமதிக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

1945-ல் வெளியான கட்டுரையில் தாமஸின் பெயர் இல்லை. 1976-ல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

தோழியரே! நம் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கும் அக்காவின் பெயர் நமக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. இதை எழுதி முடித்த அன்றுதான் போய்க் கேட்டேன்.