தாய் சி – உடற்பயிற்சியா? போர்க்கலையா?

முன்னுரை

சீன நாட்டுப் பூங்காக்களில் விடியற்காலையில் முதியவர்கள் வரிசையாக நின்று, நீருக்குள் நடப்பவர்களைப்போல மெல்ல மெல்லக் கைகால்களை அசைப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தாய் சி என்று பெயர். "இதுவும் ஒரு சண்டைக் கலையாம்!" என்று சிரிப்போர் ஒரு சாரார். "இதைக் கற்றால் எதிரியைத் தொடாமலே வீழ்த்திவிடலாம்" என்று நம்புவோர் மற்றொரு சாரார். இவ்விருவர் எண்ணமும் தவறே. தாய் சி மெய்யாகவே ஒரு போர்க்கலைதான். ஆயினும் அதைப் போர்க்கலையாகக் கற்பிப்போர் மிகச் சிலர். அச்சிலரை இனங்கண்டு கொள்வது எப்படி என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பிறப்பும்

இப்பெயரிலுள்ள 'தாய்' நம் தமிழ்த் தாய் அன்று. இக்கலையின் முழுப்பெயர் 'தாய் சி சுவான்' என்பதாகும். 'தாய் சி' என்றால் எல்லாவற்றிற்கும் மேலான எல்லை என்று பொருள். வன்மை, மென்மை என்னும் இரண்டும் அதிலிருந்தே பிறக்கின்றன என்பது சீனத் தத்துவம். 'சுவான்' என்றால் முஷ்டி. ஆகவே சண்டை இதன் பெயரிலேயே இருக்கிறது.

சீனாவின் ஹெனான் மாநிலத்தில் சென்ஜியாகோ என்னும் சிற்றூர் உள்ளது. சென் குடும்பத்தார் வழிவழியாக வாழ்ந்துவரும் ஊர் அது. 17ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்த சென் வாங்டிங் என்னும் போர்வீரரே இக்கலையை வகுத்தார் என்று கூறப்படுகிறது. 1644ஆம் ஆண்டு மிங் அரச மரபு வீழ்ந்தது. அதன் பின் அவர் தம் ஊரில் ஒதுங்கி வாழ்ந்து, தமக்குத் தெரிந்த போர்முறைகளைத் தொகுத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தாராம்.

வூடாங் மலையில் வாழ்ந்த சாங் சன்ஃபெங் என்னும் துறவியே இதைக் கண்டுபிடித்தார் என்ற கதையும் உண்டு. ஆனால் 1930களில் டாங் ஹாவ் என்னும் ஆராய்ச்சியாளர் சென் ஊருக்கே சென்று குடும்ப ஏடுகளைப் படித்து, அக்கதைக்குச் சான்றில்லை என்றும், கலை பிறந்தது அவ்வூரிலேயே என்றும் முடிவு கூறினார். இன்றும் சிலர் இதை மறுத்து வாதிடுகின்றனர்.

"காஞ்சியிலிருந்து சென்ற போதிதர்மர்தானே சீனருக்குச் சண்டை கற்பித்தார்?" என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். போதிதர்மர் ஷாவ்லின் மடத்தில் போர்க்கலை கற்பித்தார் என்பது அவர் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்த கதை. தாய் சிக்கும் அவருக்கும் தொடர்பில்லை. நமக்குப் பெருமை தருகிறது என்பதற்காக ஒன்றை உண்மை என்று கொள்வது அழகாகாது அன்றோ?

ஊரைவிட்டு வெளியேறிய கலை

சென் குடும்பத்தார் இக்கலையை நெடுங்காலம் வெளியாருக்குக் கற்பிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் யாங் லூசான் (1799–1872) என்பவர் அவ்வூரில் சென் சாங்சிங் என்னும் ஆசிரியரிடம் பல ஆண்டுகள் தங்கிக் கற்றார். பின்னர் பெய்ஜிங் நகரம் சென்று அரண்மனைக் காவற்படையினருக்கு ஆசிரியரானார். வெல்ல முடியாதவர் என்று பொருள்படும் பட்டப்பெயர் அவருக்கு வழங்கியது. காவற்படை வீரர்களுக்கு வேண்டியது மூட்டுவலி நீங்கும் மருந்தன்று. எதிரியை வெல்லும் திறமையே. அன்று தாய் சி எத்தகைய கலையாக இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

அப்படியானால் சண்டை எங்கே மறைந்தது? யாங் லூசானின் பேரன் யாங் செங்ஃபூ (1883–1936) தம் காலத்து நகர மக்களின் உடல்நலம் கருதி, துள்ளலும் திடீர் வேகமும் கொண்ட அசைவுகளை மாற்றி, ஒரே சீராக மெல்ல ஓடும் முறையைப் பரப்பினார். ஆயினும் அவர் 1934இல் வெளியிட்ட நூலில், ஒவ்வோர் அசைவும் எதிரியிடம் எவ்வாறு பயன்படும் என்றும் விளக்கியுள்ளார். 1956இல் சீன அரசின் விளையாட்டுக் குழு யாங் முறையிலிருந்து 24 அசைவுகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் சுருக்கமான பயிற்சி ஒன்றை வகுத்தது. ஐந்தாறு நிமிடங்களில் முடிந்துவிடும் இப்பயிற்சியே உலகெங்கும் பரவியது. இதனால் கோடிக்கணக்கானோர் பயன்பெற்றனர். முதியோர் தடுமாறி விழுவதை இது குறைக்கிறது என்று மருத்துவ ஆய்வுகளும் காட்டியுள்ளன. ஆகவே இதை இகழ்தல் கூடாது. ஆனால் எழுத்துக்களை மட்டும் கற்றவர் கட்டுரை எழுத முடியாததுபோல, இதை மட்டும் கற்றவர் தம்மைக் காத்துக்கொள்ள முடியாது.

இந்நிலையில் கலை பிறந்த ஊரிலேயே அது அழியும் நிலை வந்தது. வெளியூரில் வாழ்ந்த சென் சாவ்பேய் (1893–1972) என்னும் முதியவர் 1958இல் ஊர் திரும்பினார். இளைஞருக்குக் கற்பிப்பார் இல்லாததைக் கண்டு தாமே அப்பணியை ஏற்றார். 1966இல் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியபோது பழங்கலைகள் பழிக்கப்பட்டன. அப்போதும் அவர் இரவில் மறைவாகக் கற்பித்தார் என்று அவர் வழியினர் கூறுகின்றனர். அவருடைய மாணவர்களே பின்னாளில் பல நாடுகளுக்குச் சென்று இக்கலையைப் பரப்பினர். 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் தாய் சியை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மென்மைக்குள் வன்மை

மெதுவாக அசைவதற்கும் சண்டைக்கும் என்ன தொடர்பு? வேகமாகச் செய்யும்போது நம் பிழைகள் மறைந்துவிடுகின்றன. மெதுவாகச் செய்யும்போது அவை வெளிப்படுகின்றன. ஒரு காலை மிக மெதுவாகத் தூக்கி வைத்துப் பாருங்கள். உடல் ஆடுவது உடனே தெரியும். எடை முழுவதும் எந்தக் காலில் நிற்கிறது, தோள் ஏன் விறைக்கிறது, இடுப்பு திரும்பும் முன் கை ஏன் முந்துகிறது என்பவற்றைக் கவனித்துத் திருத்தவே இந்த மெதுவான பயிற்சி. மெதுவென்பது வாயிற்படியே, வீடு அதற்கப்பால் இருக்கிறது.

அசைவுகளின் பெயர்கள் கவிதை போன்றவை: 'வெண்கொக்கு சிறகு விரித்தல்', 'சிட்டுக்குருவியின் வாலைப் பிடித்தல்' என்பன சில. இவற்றுள் இரண்டாவதில் தாங்கித் தடுத்தல், வழிவிட்டு இழுத்தல், அழுத்துதல், தள்ளுதல் என்னும் நான்கு அடிப்படைத் திறன்களும் அடங்கியுள்ளன. முழங்காலருகே கையை வீசி அடியெடுத்து வைக்கும் அசைவில், ஒரு கை எதிரியின் உதையை ஒதுக்குகிறது. மறு கை அவர் மார்பைத் தள்ளுகிறது. சென் முறையில் 'பீரங்கி முஷ்டி' என்னும் இரண்டாம் வரிசை உண்டு. அது வேகமும் துள்ளலும் நிறைந்தது. அதைக் கண்டவர் எவரும் தாய் சி முதியோர் பயிற்சி மட்டுமே என்று கூறார்.

இவற்றையெல்லாம் கைவரச் செய்வது 'கை தள்ளும் பயிற்சி'யாகும். இருவர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டும் முன்கையும் தொட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் நிலைகுலையச் செய்ய முயல்வர். எதிராளி தள்ளும்போது எதிர்த்து மல்லாடாமல் இடுப்பைத் திருப்பி அவ்விசைக்கு வழிவிட்டால், அவர் தம் விசையாலேயே முன்னால் சாய்வார். அக்கணத்தில் சிறு விசையே போதும். எதிராளியின் எண்ணத்தைத் தொடு உணர்வாலேயே அறிய இப்பயிற்சி கற்பிக்கிறது. இது ஏட்டில் படித்து வருவதன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

இரண்டு போட்டிகள்

1954ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் மக்காவ் நகரில் ஒரு போட்டி நடந்தது. தாய் சி ஆசிரியர் வூ கோங்யீ ஐம்பது வயதைக் கடந்தவர். அவரை எதிர்த்த வெண்கொக்கு முறை ஆசிரியர் சான் ஹக்-ஃபூ அவரைவிட மிக இளையவர். அறப்பணிக்கு நிதி திரட்ட நடந்த அப்போட்டி இரண்டாம் சுற்றில் நிறுத்தப்பட்டது; வெற்றி யாருக்கும் அளிக்கப்படவில்லை. அதன் படச்சுருளில் கவிதை போன்ற அசைவுகள் இல்லை. குத்துகளும் தடுமாற்றமுமே உள்ளன. உண்மைச் சண்டை அப்படித்தான் இருக்கும். எனினும் அம்முதியவர் தம் கலையை மேடையேற்றிச் சோதிக்க அஞ்சவில்லை.

2017இல் சீனாவின் செங்டு நகரில் தாய் சி ஆசிரியர் ஒருவர் கலப்புச் சண்டை வீரர் ஒருவருடன் மோதி, அரை நிமிடத்திற்குள் தோற்றார். தாய் சியே பொய் என்று பலர் கூச்சலிட்டனர். எதிர்க்கும் ஆளோடு பழகாத எந்தக் கலைக்கும் இக்கதியே நேரும் என்பதுதான் இதிலுள்ள பாடம்.

உண்மை ஆசிரியரை அறிவது எப்படி?

பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதுபோல ஆசிரியரையும் சில கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம்.

1. யாரிடம், எத்தனை ஆண்டுகள் கற்றார்? உண்மை ஆசிரியர் தம் குருவின் பெயரைத் தயங்காமல் கூறுவார். ஆனால் பெரிய குருவின் பெயர் மட்டும் போதாது. திறமை பரம்பரைச் சொத்தன்று.

2. ஒவ்வோர் அசைவும் எதற்கு என்று காட்டுகிறாரா? கேட்டால் "இரகசியம்" என்பவரும், பணம் கொடுத்தால் கூறுகிறேன் என்பவரும் ஆசிரியர் அல்லர்.

3. கை தள்ளும் பயிற்சி உண்டா? முதலில் நின்ற இடத்தில், பின்னர் அடிபெயர்த்து, இறுதியில் கட்டுப்பாடின்றி என்று படிப்படியாக அது வளர வேண்டும்.

4. மாணவர்கள் எதிர்க்கிறார்களா? ஆசிரியர் விரலசைத்தவுடன் மாணவர்கள் பறந்து விழும் இடத்தில் நடப்பது நாடகமே.

5. அடிப்படைக்கு நேரம் தருகிறாரா? அசையாமல் நிற்கும் பயிற்சியும், கால்களை வலுப்படுத்தும் பயிற்சியும் மாதக்கணக்கில் நடக்கும். "மூன்றே மாதத்தில் வீராங்கனை ஆகலாம்" என்னும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

6. பெற்றோர் வந்து பார்க்க அனுமதி உண்டா? இப்பயிற்சியில் ஒருவரையொருவர் தொடாமல் இருக்க முடியாது. ஆகவே எங்கு, எதற்காகத் தொட வேண்டும் என்பதை முன்னரே கூறி, பெண்களைப் பெண்களோடு இணைத்துக் கற்பிப்பவரே மதிக்கத்தக்கவர். "வேண்டாம்" என்று மாணவி கூறினால் அக்கணமே நிறுத்துபவராகவும் அவர் இருக்க வேண்டும்.

முடிவுரை

தோழியரே! பெண்கள் தம்மைக் காத்துக்கொள்ளக் கற்க வேண்டும் என்று எல்லாரும் கூறுகின்றனர். ஆனால் சண்டை தெரியாதவளைவிட, தெரியும் என்று தவறாக நம்புபவளே பெரும் ஆபத்தில் இருக்கிறாள். முன்னவள் ஆபத்தைக் கண்டால் ஓடுவாள், உதவிக்குக் கூவுவாள். பின்னவள் நின்றுவிடுவாள். போலி ஆசிரியர் நம் பணத்தை மட்டும் கொள்ளையிடவில்லை. அந்த ஓர் நொடியையும் கொள்ளையிடுகிறார். ஆகவே உடல்நலத்திற்காகத் தாய் சி கற்போர் மகிழ்ச்சியோடு கற்கட்டும். காப்புக்காகக் கற்க விரும்புவோர் கேள்வி கேட்க நாணாதிருக்கட்டும். மெய்யான ஆசிரியர் நம் கேள்வியைக் கண்டு சினம் கொள்ளமாட்டார். கையை நீட்டி, "வா, தள்ளிப் பார்" என்பார்.

– பத்தாம் வகுப்பு மாணவி